இரவில் கார் எங்கே நிற்கிறது?

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து, "மின்சாரக் கார் எடுக்கலாமா, இல்லை பெட்ரோலே போதுமா?" என்று கேட்பார்கள். எந்த மாடல் நல்லது, எவ்வளவு தூரம் ஓடும், பேட்டரி எத்தனை வருஷம் வரும் என்று அடுத்தடுத்த கேள்விகளும் கையோடு வரும். நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். இரவில் உங்கள் கார் எங்கே நிற்கிறது? நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உங்கள் மீட்டரில் ஓடும் பிளக் பாயின்ட் இருக்கிறதா?

இருக்கிறது என்றால் பேச்சு ஒரு பக்கம் போகும், இல்லை என்றால் வேறு பக்கம் போகும். ஒரே மாடல் காரை ஏறக்குறைய ஒரே தூரம் ஓட்டும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவருக்கு மாதச் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இன்னொருவர் வாரம் இரண்டு நாள் சார்ஜருக்காக வரிசையில் நிற்கிறார், பில்லும் பழைய பெட்ரோல் பில்லுக்குப் பக்கத்திலேயே வருகிறது. இரண்டு காரிலும் ஒரு குறையும் இல்லை. முதலாமவர் வீட்டில் சார்ஜ் போடுகிறார், இரண்டாமவருக்கு அந்த வசதி இல்லை, அவ்வளவுதான். ஆகவே பெட்ரோல், ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினோடு மோட்டாரும் சின்ன பேட்டரியும் சேர்ந்தது), பிளக் போடும் ஹைப்ரிட் (அதிலேயே பேட்டரி பெரிது, வெளியிலிருந்தும் சார்ஜ் ஏற்றலாம்), முழு மின்சாரம் என்ற நான்கையும் இந்த ஒரு கேள்வியை முன்னால் வைத்தே ஒப்பிடப் போகிறேன்.

விலையை வகுத்துப் பாருங்கள்

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. (1 யூனிட் என்பது 1 கிலோவாட் மணி.) சாதாரணப் பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கிட்டத்தட்ட 58 யூனிட். அதில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாக வெளியே போய்விடுகிறது. அதே தூரத்துக்கு நடுத்தர அளவு மின்சாரக் கார் பேட்டரியிலிருந்து எடுப்பது 15, 16 யூனிட்தான். மோட்டார் தனக்கு வரும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும்.

ஆனால் பேட்டரிக்குள் போவதும் மீட்டரில் ஓடுவதும் ஒன்றாக இருக்காது. சார்ஜ் ஏறும்போது 10 முதல் 15 சதவீதம் சூடாக வீணாகிறது. காரின் திரையில் தெரியும் யூனிட்டை நம்பிக் கணக்குப் போட்டவர்கள், மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். மீட்டர் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. பெரிய, உயரமான கார் என்றால் 22 வரைக்கும் போகலாம்.

இப்போது உங்கள் ஊரில் ஒரு லிட்டர் பெட்ரோல் என்ன விலையோ, அதை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையால் வகுத்துப் பாருங்கள். எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும். வரும் எண் 3-க்கு மேல் என்றால் சாதாரணப் பெட்ரோல் காரைவிட மின்சாரத்தில் ஓட்டுவது மலிவு. ஹைப்ரிட் காரோடு ஒப்பிட்டால் அந்த எண் 4-க்கு மேல் இருக்க வேண்டும், ஏனென்றால் நல்ல ஹைப்ரிட் 100 கிலோமீட்டரை 4.5 லிட்டரில் முடித்துவிடும்.

உதாரணத்துக்கு வீட்டு மின்சாரத்தில் அந்த எண் 10 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோல் காருக்கு 975 லிட்டர் வேண்டும். மின்சாரக் காருக்கு 2,700 யூனிட், அதாவது 270 லிட்டர் பெட்ரோலின் விலை. ஆக வருஷத்துக்கு 705 லிட்டர் பெட்ரோலின் விலை கையில் மிஞ்சும். ஹைப்ரிட் கார் 675 லிட்டர் குடிக்கும் என்பதால், அதோடு ஒப்பிட்டால் மிச்சம் 405 லிட்டர்.

அடுத்து, வீட்டில் சார்ஜ் போட வழியே இல்லாதவரின் கணக்கு. பொது இடத்து வேக சார்ஜரில் யூனிட் விலை வீட்டு விலையைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருப்பது சாதாரணம். மூன்று மடங்கு என்றால் அதே 2,700 யூனிட்டுக்கு 810 லிட்டரின் விலையைக் கொடுக்க வேண்டும். பெட்ரோல் காரைவிட மிச்சம் வெறும் 165 லிட்டர். ஹைப்ரிட்டோடு பார்த்தால் 135 லிட்டர் நஷ்டம். அதே காரும் அதே தூரமும்தான், ஆனால் கணக்கு தலைகீழாகிவிட்டது. விற்பனையகத்தில் காட்டும் சேமிப்புக் கணக்கு பெரும்பாலும் வீட்டு யூனிட் விலையை வைத்துப் போட்டதாக இருக்கும். அது உங்களுக்குப் பொருந்துமா என்று அங்கேயே நின்று கேளுங்கள்.

நடைமுறையில் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருப்பார்கள். அன்றாடம் வீட்டில் சார்ஜ், வெளியூர்ப் பயணத்தில் மட்டும் பொது சார்ஜர். வருஷ யூனிட்டில் 15 சதவீதம் வெளியே என்று போட்டுப் பார்த்தேன். மேலே சொன்ன அதே விலைகளில் 351 லிட்டர் பெட்ரோலின் விலை ஆகிறது. வருஷத்துக்குச் சில நெடும்பயணம் போவதால் கணக்கு கெட்டுவிடாது.

வீட்டுப் பிளக் போதுமா, சுவரில் சார்ஜர் வேண்டுமா

"வீட்டில் சார்ஜர் மாட்டச் செலவாகுமே" என்று தயங்குகிறவர்களிடம் நான் கேட்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்று. 40 கிலோமீட்டர் என்றால் தேவை சுமார் 7 யூனிட். 230 வோல்ட் உள்ள இடத்தில் 10 ஆம்பியர் எடுக்கும் சாதாரணப் பிளக் 2.3 கிலோவாட் கொடுக்கும். மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. இரவு பத்து மணி நேரம் மாட்டி வைத்தால் 125 கிலோமீட்டருக்கான சார்ஜ் ஏறிவிடும். 120 வோல்ட் வீடுகளில் சாதாரணப் பிளக்கில் 1.4 கிலோவாட்தான் கிடைக்கும், அங்கேயும் ஒரு இரவுக்கு 75 கிலோமீட்டர் தேறும்.

சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் சார்ஜர் எட்டு மணி நேரத்தில் 325 கிலோமீட்டர் தரும். நாளும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர், வீட்டில் இரண்டு மின்சாரக் கார் வைத்திருப்பவர், இரவில் சில மணி நேரம் மட்டும் மலிவு விலை மின்சாரம் கிடைக்கும் இடத்தில் இருப்பவர், இவர்களுக்கு அது கட்டாயம் தேவை. மெதுவான பிளக்கில் இன்னொரு சின்ன நஷ்டமும் உண்டு. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் காரின் கணினிகள் விழித்திருந்து சில நூறு வாட்டைத் தின்னும். ஏறும் வேகம் குறைவாக இருந்தால் அந்தத் தீனி அதிக நேரம் நடக்கும். ஆனாலும் நாளுக்கு 40, 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் முதல் நாளே பெரிய சார்ஜருக்குப் போக வேண்டியதில்லை. மூன்று மாதம் பிளக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஆனால் அந்தப் பிளக் நல்ல பிளக்காக இருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கார் வந்த முதல் வாரம், நிறுத்துமிடத்துச் சுவரில் ஏற்கனவே இருந்த பழைய பிளக் பாயின்ட்டிலேயே மாட்டினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது சூடான பிளாஸ்டிக் வாடை வந்தது. பிளக்கைத் தொட்டால் விரலை வைத்திருக்க முடியவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு ஆறவிட்டுப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம், பக்கத்தில் பிளாஸ்டிக் லேசாக இளகிப் பளபளத்தது. எலெக்ட்ரீஷியன் வந்து கழற்றினார். உள்ளே ஸ்க்ரூ தளர்ந்து போயிருந்தது, வயரும் மெலிசு. "இஸ்திரிப் பெட்டிக்கு இது போதும் சார், அது பத்து நிமிஷம் ஓடும். இது விடிய விடிய இழுக்குமே" என்றார்.

அதன்பிறகு மெயின் போர்டிலிருந்து தனி வயர், அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் அணைக்கும் தனி எம்சிபி, மின் கசிவு வந்தால் அணைக்கும் தனி ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் என்று போட்டுத் தந்தார். எர்த் சரியில்லாத இடத்தில் பல கார்கள் சார்ஜே ஏற்றாது. காரோடு வரும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும், கார்தான் பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு ஓடுவோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக மட்டும் சார்ஜ் போடாதீர்கள். புதுப் பாயின்ட்டில் மாட்டிய அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கையை எடுக்க வைக்கிற சூடு இருந்தால் நிறுத்திவிடுங்கள். கார் முன்பணம் கட்டும் முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது. அடுக்குமாடியில் இருப்பவர் கூடவே சங்கத்தின் அனுமதியையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். உங்கள் மீட்டரிலிருந்து நிறுத்துமிடம் வரை வயர் இழுப்பதுதான் அங்கே பெரிய வேலை. பல இடங்களில் சார்ஜர் விலையைவிட வயர் இழுக்கும் கூலி அதிகமாகிவிடுகிறது.

வெளியில் மட்டுமே சார்ஜ் என்றால்

தெருவில் காரை நிறுத்துகிறவர்களைப் பற்றிப் பேச வேண்டும். அவர்களுக்கும் மின்சாரக் கார்தான் என்று அடித்துச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வேக சார்ஜரில் 10-இலிருந்து 80 சதவீதம் போக அரை மணி நேரம் என்பார்கள். பொருத்தமான காரும் பொருத்தமான சார்ஜரும் அமைந்தால் அது உண்மை. ஆனால் 50 கிலோவாட் சார்ஜரில் 50 யூனிட் பேட்டரிக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். ஒரே பெட்டியில் இரண்டு கன் (காரில் செருகும் கேபிள் முனை) இருந்து, பக்கத்தில் இன்னொரு கார் வந்து மாட்டினால் பல இடங்களில் சக்தி இரண்டாகப் பிரியும், உங்கள் நேரம் இரட்டிப்பாகும். 80-ஐத் தாண்டியதும் பேட்டரியைக் காக்கக் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு முதல் 70-க்கு ஆன நேரமே ஆகலாம். ஒரு நாள் எனக்கு முன்னால் இருந்தவர் 92-இலிருந்து 100-க்காகக் காத்திருந்தார். திரையில் எண் ஒன்று மாறுவதற்குள் பின்னால் மேலும் இரண்டு கார் சேர்ந்துவிட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அடுத்த சார்ஜர் வேலை செய்யுமா என்ற பயம் அவருக்கு.

வாரம் ஒரு முறை இது நடந்தால் பழகிவிடும். வாரம் இரண்டு மூன்று முறை என்றால் அது வாழ்க்கையின் ஒரு வேலையாகிவிடும். வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் வசதி இருந்தால் கதை வேறு. எட்டு மணி நேரம் கார் சும்மாதானே நிற்கிறது, அது வீட்டுப் பிளக்குக்குச் சமம். அலுவலகத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை என்றால் இன்றைக்கு ஹைப்ரிட் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். 1997-இல் டொயோட்டா பிரியஸ் வந்ததிலிருந்து புழக்கத்தில் இருக்கும் தொழில்நுட்பம் அது. பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலைச் சின்ன பேட்டரியில் சேமித்து நகரத்து நெரிசலில் திருப்பிக் கொடுக்கும். பிளக் எதுவும் தேவையில்லை.

பிளக் போடும் ஹைப்ரிட் இரண்டு உலகத்தின் நன்மையையும் தரும் என்று விற்கிறார்கள். பிளக் போட்டால் தரும். போடாவிட்டால் கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும் கார் அது. ஐரோப்பிய ஆணையம் கார்களிலேயே பதிவாகும் எரிபொருள் கணக்கைச் சேகரித்து 2024-இல் வெளியிட்டபோது, இந்த வகைக் கார்களின் உண்மையான கரியமில வாயு வெளியேற்றம் ஆய்வகக் கணக்கைப்போல 3.5 மடங்கு என்று தெரிந்தது. மக்கள் எதிர்பார்த்த அளவு சார்ஜ் போடவில்லை, பெட்ரோலிலேயே ஓட்டினார்கள். சர்வீஸிலும் இரட்டை வேலை, என்ஜினும் பார்க்க வேண்டும், மின் பகுதியும் பார்க்க வேண்டும். வீட்டில் தினம் பிளக் போட வசதி உண்டு, ஒரே கார்தான், அடிக்கடி சார்ஜர் இல்லாத தொலைவுக்குப் போக வேண்டியிருக்கிறது என்றால் மட்டும் இதை யோசிக்கலாம். மற்றபடி வேண்டாம்.

பேட்டரியும் ரேஞ்சும்

பேட்டரி மூன்று வருஷத்தில் போய்விடும் என்ற பேச்சு இன்னும் அடங்கவில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அவர்கள் பொறுப்பு. நடைமுறையில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் குறைகிறது, முதல் வருஷம் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்து பிறகு மெதுவாகும். பேட்டரிக்கு எதிரி சூடு. 2010-இல் வந்த முதல் நிசான் லீஃப் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லை, வெப்பமான இடங்களில் அது வேகமாகத் தேய்ந்தது. பழைய கார்களைப் பற்றிய அந்தக் கதைதான் இன்றைக்கும் எல்லாக் கார் மேலும் ஏற்றிச் சொல்லப்படுகிறது. நீங்கள் பார்க்கும் காரில் திரவக் குளிர்விப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், அது போதும்.

பேட்டரியில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது. எல்எஃப்பி என்பது இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. அதில் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. விலை குறைவு, அதிக முறை சார்ஜ் போட்டாலும் தாங்கும், 100 சதவீதம் வரை தயங்காமல் ஏற்றலாம். சொல்லப்போனால் வாரம் ஒரு முறையாவது முழுக்க ஏற்றச் சொல்கிறார்கள், அப்போதுதான் காரின் திரை பேட்டரியில் மிச்சத்தைச் சரியாகக் காட்டும். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த என்எம்சி வகை அதே எடையில் அதிக தூரம் தரும், கடுங்குளிரிலும் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது அதற்கு நல்லது. கடும் குளிர் இல்லாத இடத்தில், வீட்டில் சார்ஜ் போடுகிறவருக்கு நான் எல்எஃப்பியைத்தான் சொல்வேன். விளம்பரத்தில் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், 50 கிலோமீட்டர் குறைவாகத் தெரியும். ஆனால் அதை முழுக்க ஏற்றலாம், மற்றதை 80-இல் நிறுத்துகிறோம், அதனால் தினசரி கிடைக்கும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது.

விளம்பர ரேஞ்ச் எந்தச் சோதனையில் வந்தது என்றும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 2017-இல் வந்த டபிள்யூஎல்டிபி சோதனை பழைய என்இடிசி சோதனையைவிட உண்மைக்கு நெருக்கம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ தரும் எண் இன்னும் நெருக்கம். எந்த எண்ணாக இருந்தாலும் நெடுஞ்சாலையில் குறையும். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 90-இலிருந்து 120 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் காற்றைப் பிளக்க மட்டும் 1.8 மடங்கு ஆற்றல் வேண்டும். பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில் நல்ல மைலேஜ் தரும், நெரிசலில் குடிக்கும். மின்சாரக் காருக்கு இது நேர் எதிர். நகரத்து நெரிசலில்தான் அது சிக்கனம்.

வெப்பநிலையும் இருக்கிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் சோதித்தபோது, மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போட்டு ஓட்டினால் ரேஞ்ச் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. 35 டிகிரியில் ஏசி போட்டு ஓட்டினால் 17 சதவீதம். இப்போது பல கார்களில் வரும் ஹீட் பம்ப் (குறைந்த மின்சாரத்தில் காரைச் சூடாக்கும் ஏற்பாடு) குளிர்கால நஷ்டத்தை ஓரளவு குறைக்கும். குளிர் நாட்டில் வாங்குகிறவர் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், வெப்ப நாட்டில் தேவையே இல்லை.

எவ்வளவு ரேஞ்ச் வாங்குவது? உங்கள் அன்றாடத் தேவையைப் போல மூன்று மடங்கு உண்மையான ரேஞ்ச் இருந்தால் ஒரு நாள் சார்ஜ் போட மறந்தாலும் தூக்கம் கெடாது. அதற்கு மேல் பெரிய பேட்டரி வாங்குவது, வருஷத்தில் நான்கு நாள் பயணத்துக்காக மீதி நாளெல்லாம் கனத்தைச் சுமப்பது. அந்த நான்கு நாளில் வழியில் ஒரு முறை கூடுதலாக நிறுத்தினால் போயிற்று.

சர்வீஸில் மிஞ்சுவது

மின்சாரக் காரில் என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச், சைலன்சர் எதுவும் இல்லை. பிரேக் பேட் நெடுநாள் வரும், ஏனென்றால் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்கிறது. அதனாலேயே ஒரு சிக்கலும் உண்டு. பிரேக் டிஸ்க் உபயோகம் குறைந்து துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை பின்னால் யாரும் வராத இடத்தில் கொஞ்சம் அழுத்தி பிரேக் பிடித்து டிஸ்க்கைத் துடைத்துவிட வேண்டும். பிரேக் ஆயில், கூலன்ட், ஏசி ஃபில்டர் எல்லாம் வழக்கம்போல மாற்ற வேண்டியவைதான்.

மிச்சமான காசைத் திருப்பிப் பிடுங்குவது டயர். இதே அளவு பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் 200 முதல் 400 கிலோ வரை கனம் கூடுதல். ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்ததும் முழு இழுவையும் சக்கரத்துக்கு வந்துவிடும். சிக்னலில் ஒவ்வொரு முறையும் சீறிக் கிளம்பினால் டயர் தேய்ந்துகொண்டே போகும். கனத்தைத் தாங்கும் தரத்தில்தான் மாற்ற வேண்டும், அது விலையும் அதிகம். என் காரில் முதல் செட் டயர் நான் நினைத்ததைவிட மிகச் சீக்கிரம் முடிந்தது. காலை மென்மையாக வைக்கப் பழகிய பிறகு இரண்டாவது செட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பல மாடல்களில் ஸ்டெப்னியும் கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான் இருக்கும். வாங்கும்போதே டிக்கியைத் திறந்து பாருங்கள்.

யாரும் சொல்லாத இன்னொரு பொருள் 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரி ஒன்று இருக்கும்போது இது எதற்கு என்று நானும் நினைத்தேன். ஒரு காலையில் சாவியை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. கைப்பிடி வெளியே வரவில்லை, விளக்கும் எரியவில்லை. முந்தின இரவுதான் 80 சதவீதம் சார்ஜ் ஏற்றியிருந்தேன். சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறந்து உட்கார்ந்தால் திரையும் இருட்டு. பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் சுவிட்சுகளைப் போடுவதற்கே இந்தச் சின்ன பேட்டரியின் மின்சாரம் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. பக்கத்து வீட்டுப் பெட்ரோல் காரிலிருந்து ஜம்பர் போட்டதும் எல்லாம் உயிர் பெற்றது. சாதாரணக் கார் பேட்டரி போலவே மூன்று முதல் ஐந்து வருஷத்தில் இதை மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் காரில் செல்ஃப் இழுக்கும்போது திணறி முன்கூட்டியே எச்சரிக்கும், இங்கே அந்த எச்சரிக்கை பெரும்பாலும் வராது. நான் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

இன்சூரன்ஸ் பல இடங்களில் கொஞ்சம் அதிகம். அடிப்பாகத்தில் பலமாக அடிபட்டால் பேட்டரிப் பெட்டியையே மாற்ற நேரலாம், அந்தப் பயத்துக்கான விலை அது. பாலிசியில் பேட்டரி, சார்ஜர், சார்ஜிங் கேபிள் மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

புதிதா, பழையதா, எந்தக் காரை மாற்றுவது

மறுவிற்பனை விலைதான் புது மின்சாரக் கார் வாங்குகிறவரை உறுத்தும் விஷயம். பேட்டரி விலை 2010-ஓடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 90 சதவீதம் இறங்கிவிட்டது. வருஷத்துக்கு வருஷம் புது மாடல் அதிக தூரமும் குறைந்த விலையுமாக வருகிறது. அதனால் மூன்று வருஷப் பழைய கார் வேகமாக மதிப்பு இழக்கிறது. சீக்கிரம் சீக்கிரம் கார் மாற்றும் பழக்கம் உள்ளவர் லீஸில் எடுப்பதே மேல், அந்த இறக்கத்தை இன்னொருவர் தாங்கிக்கொள்வார். எட்டு, பத்து வருஷம் ஒரே காரை வைத்திருப்பவருக்கு இது பெரிய கவலை இல்லை.

பழைய கார் வாங்குகிறவருக்கோ இதே இறக்கம் லாபம். மூன்று வருஷம் ஓடிய எல்எஃப்பி காருக்கு ஐந்து வருஷ பேட்டரி வாரண்டி மிச்சமிருக்கும். கிலோமீட்டர் எண்ணைவிட பேட்டரி ஆரோக்கிய அறிக்கையைக் கேளுங்கள். வாரண்டி இரண்டாம் உரிமையாளருக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 100 சதவீதம் ஏற்றி, ஏசியை வழக்கம்போல வைத்து, தெரிந்த பாதையில் 50 கிலோமீட்டர் ஓட்டி எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள். வீட்டில் சார்ஜ் வசதி உள்ள, நாளுக்கு 50 கிலோமீட்டருக்குள் ஓட்டுகிற குடும்பத்துக்கு இதைவிடக் குறைந்த செலவில் ஓடும் கார் எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியாக, வீட்டில் இரண்டு கார் இருப்பவர்கள். "முதலில் அந்தச் சின்னக் காரை மின்சாரமாக மாற்றிப் பார்க்கிறோம், அது அதிகம் ஓடாது, ரிஸ்க் இல்லை" என்பார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. மேலே போட்ட அதே விலைகளில் வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடும் கார் மிச்சப்படுத்துவது 235 லிட்டர் பெட்ரோலின் விலை. 15,000 ஓடும் கார் 705 லிட்டர். மின்சாரக் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை 2,800 லிட்டர் பெட்ரோலின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், 15,000 ஓடும் காரில் நான்கு வருஷத்தில் திரும்பி வரும், 5,000 ஓடும் காரில் பன்னிரண்டு வருஷம் ஆகும். தினம் வேலைக்குப் போய் வரும் காரை மாற்றுங்கள், நெடும்பயணத்துக்குப் பெட்ரோல் காரை வைத்துக்கொள்ளுங்கள். எது அதிகம் ஓடுகிறது என்று தெரியாவிட்டால், இன்றைக்கு இரண்டு காரின் ஓடோமீட்டரையும் படம் பிடித்து வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். என் வீட்டில் அப்படிப் பார்த்தபோது, நாங்கள் சின்னக் கார், சும்மா நிற்கிற கார் என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான் இரண்டு மடங்கு ஓடியிருந்தது.